ஒரு கேள்வித்தாளும் ஒரு வலது கையும்

டொராண்டோ பக்கம் நம் ஆட்கள் கூடுகிற வீடுகளில், சாப்பாடு முடிந்து பாயசம் வருவதற்குள் பேச்சு எப்படியும் இந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. பாரீஸில் இப்படியாம், லண்டனில் அந்த மவுலவி இப்படிப் பேசினாராம், இவர்களை இந்த நாட்டுக்காரன் ஏன் உள்ளே விட்டான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர், 'நமக்கு எதுக்குங்க வம்பு, பிள்ளைங்க காதுல விழப்போகுது' என்பார். இருவருமே இதை ஏதோ வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை, நாம் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் என்பதுபோலத்தான் பேசுவார்கள். எனக்கு அது சிரமமாக இருக்கும். ஏனென்றால் நான் இடுக்கி மாவட்டத்துக்காரன்.

சின்னக்கானல் என்றால் இங்கே பலருக்குத் தெரியாது. 'அரிக்கொம்பன் யானையைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்த ஊர்' என்றால் 2023-க்குப் பிறகு கொஞ்சம் பேருக்குப் புரிகிறது. மூணாறிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற வழி. தேயிலைக் காட்டு லயத்தில் பிறந்த தமிழன், படித்தது மலையாளம். ஈழத்து நண்பர்களுக்கும் நான் அரைத் தமிழன், மலையாள சங்கத்துக்காரர்களுக்கும் அரை மலையாளி. (இரண்டு பக்கமும் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் டிக்கெட் மட்டும் தவறாமல் விற்றுவிடுவார்கள்.) எங்கள் மலையைத் தாண்டிப் போகிற நெடுஞ்சாலை அடிமாலி, கோதமங்கலம் வழியாக இறங்கி மூவாற்றுப்புழாவைத் தொட்டு கொச்சிக்குப் போகும். இந்தக் கதை நடந்தது அந்த மூவாற்றுப்புழாவிலும், அதற்குத் தெற்கே எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த தொடுபுழாவிலும்.

2010 மார்ச். தொடுபுழா நியூமன் கல்லூரியில் பி.காம் மாணவர்களுக்கு மலையாளப் பாடத்தில் உள்தேர்வு. கேள்வித்தாள் தயாரித்தவர் பேராசிரியர் டி.ஜே. ஜோசப். எழுதுகிற மாணவர்கள் 32 பேர். ஒரு கேள்வி, ஒரு சிறு உரையாடலைக் கொடுத்து நிறுத்தற்குறி இடச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் எழுதிய அதே சமாசாரம்தான், கால்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி. அந்த உரையாடலை அவர் சொந்தமாக எழுதவில்லை. திரைப்பட இயக்குநர் பி.டி. குஞ்ஞுமுகம்மது, ஒரு பைத்தியக்காரர் கடவுளோடு பேசுவதைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையிலிருந்து எடுத்தார். பைத்தியக்காரன் என்று போடாமல், எழுதியவரின் பெயரில் பாதியை எடுத்து 'முகம்மது' என்று போட்டார். அவ்வளவுதான்.

நபிகளைத்தான் சொன்னார் என்று பேச்சு கிளம்பியது. ஊர்வலம், கடையடைப்பு, கல்வீச்சு. போலீஸ் மதங்களுக்கிடையே பகை வளர்ப்பது, மத உணர்வைப் புண்படுத்துவது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ பிரிவுகளில் வழக்கு போட்டது. கல்லூரி பணியிடை நீக்கம் செய்தது. அன்றைய கல்வி அமைச்சர் எம்.ஏ. பேபி அவரை 'மடையன்' என்றார். (மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். மொழிபெயர்ப்பு வேண்டாம்.) ஜோசப் சில நாள் தலைமறைவாக இருந்தார், கைதானார், ஜாமீனில் வந்தார்.

ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. மூவாற்றுப்புழாவில் பூசை முடிந்து அம்மாவோடும் கன்னியாஸ்திரியான அக்காவோடும் காரில் வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆம்னி வேன் மறித்தது. இழுத்துப் போட்டு வலது கையை மணிக்கட்டோடு வெட்டி, வெட்டிய கையைத் தூர எறிந்துவிட்டுப் போனார்கள். கொச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மணிக்கணக்காக அறுவை சிகிச்சை செய்து கையை ஒட்டவைத்தார்கள். வெட்டியவர்கள் பாப்புலர் ஃப்ரண்ட் ஆட்கள். தண்டனையை முடிவு செய்தது அவர்களே நடத்திய ஒரு மத நீதிமன்றம் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொன்னார்கள், அமைப்பு மறுத்தது. அப்படி ஒன்று உட்கார்ந்து தீர்ப்பு எழுதியதோ இல்லையோ, கை போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஜமாஅத்தே இஸ்லாமியின் இளைஞர் அமைப்பான சாலிடாரிட்டி பையன்களும் இருந்தார்கள். இதை இங்கே விருந்துகளில் நான் சொன்னால் 'அப்படியா?' என்று ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டு, பிறகு பழைய பேச்சையே தொடர்வார்கள்.

நிற்க. என்னை அதிகம் உலுக்கியது வெட்டு அல்ல, அதற்குப் பிறகு வந்தவை. 2010 செப்டம்பரில் கல்லூரி நிர்வாகம் அவரை வேலையிலிருந்தே நீக்கியது. அது கோதமங்கலம் மறைமாவட்டத்தின் கல்லூரி. அவரும் அதே சபைக்காரர். நீக்கியது சரிதான் என்று விளக்கி ஒரு மடல் ஞாயிற்றுக்கிழமை கோயில்களில் வாசிக்கப்பட்டது. யாரோ கையை வெட்டினார்கள், சொந்தக்காரர்கள் சோற்றை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் தொடுபுழா நீதிமன்றம் மத நிந்தனை வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. அப்போதும் வேலை திரும்பி வரவில்லை. 2014 மார்ச் 19-ஆம் தேதி அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகுதான், ஓய்வுபெற மூன்றே நாள் இருக்கும்போது, மார்ச் 28-ஆம் தேதி திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 31-ஆம் தேதி ஓய்வு.

ஆக, மதத்தீவிரவாதி, மதநிறுவனம், அரசாங்கம் என்று மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து ஒரே ஆளை அடித்திருக்கிறார்கள். முதலாமவரை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இருவரைப் பார்க்காமல் போவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இந்த 295ஏ எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1924-இல் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகளைக் கேலி செய்யும் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இருந்த சட்டத்தில் அது குற்றமில்லை என்று 1927-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கொந்தளிப்பு. வெள்ளைக்கார அரசு அதே வருடம் 295ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது. சட்டம் வந்தால் சனங்கள் கத்தியைக் கீழே வைப்பார்கள் என்பது கணக்கு. 1929 ஏப்ரலில் ராஜ்பாலைக் குத்திக் கொன்றார்கள். கணக்கு முதல் இரண்டு வருடத்திலேயே பொய்த்தது. ஆனால் சட்டம் தங்கிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 299 என்று எண் மட்டும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தோ தன் ஊரில் மத நிந்தனைக் குற்றத்தை 2008-இல் நீக்கிவிட்டது. கனடாவில் 2018 வரை ஏட்டில் இருந்தது. நமக்குத் தைத்துக் கொடுத்த சட்டையை அவர்கள் கழற்றிவிட்டார்கள், நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புண்பட்டேன் என்று ஒருவர் சொன்னாலே போலீஸ் எழுதியவன் வீட்டுக் கதவைத் தட்டும் என்றால், கத்தி எடுப்பவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. 'அரசாங்கமே குற்றவாளி என்கிறது, அமைச்சரே மடையன் என்கிறார், நாங்கள் தண்டனையை மட்டும் நிறைவேற்றினோம்' என்று அவன் தன் மனசுக்குள் சொல்லிக்கொள்ள முடிகிறது.

மேற்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2020 அக்டோபர் 16-ஆம் தேதி பாரீஸ் அருகே சாமுவேல் பாத்தி என்ற வரலாற்று ஆசிரியர் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் வாத்தியார், வகுப்பறையில் கருத்துச் சுதந்திரப் பாடம். வகுப்பிலேயே இல்லாத ஒரு மாணவி சொன்ன பொய்யை, அவள் தந்தையும் ஒரு தீவிரப் பிரச்சாரகரும் இணையத்தில் பரப்பினார்கள். அவர்கள் இருவரையும் 2024 டிசம்பரில் பிரெஞ்சு நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. நாடே அவருக்கு அஞ்சலி செலுத்தியது, ஆனால் செத்த பிறகு. 2021-இல் இங்கிலாந்தில் பாட்லி பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு கேலிச்சித்திரத்தை வகுப்பில் காட்டியதற்காகப் பணியிடை நீக்கமாகி, விசாரணையில் தவறான நோக்கம் இல்லை என்று முடிவான பிறகும் ஊரைவிட்டே போகவேண்டி வந்தது. தொடுபுழாவைப் படித்தவனுக்கு இதில் எதுவும் புதிதல்ல.

பிரச்சாரகர்களை என்ன செய்வது என்பதிலும் மேற்கு தடுமாறித்தான் வந்திருக்கிறது. ஜாகிர் நாயக்கை 2010 ஜூனில், அதாவது ஜோசப்பின் கை வெட்டப்படுவதற்குச் சில வாரம் முன்பு, பிரிட்டன் உள்ளே விடவில்லை, கனடாவும் விடவில்லை. அஞ்செம் சௌத்ரி பல வருடம் டிவி ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து ஷரியா வேண்டும் என்று பேசினார். 2016-இல் ஐ.எஸ்.ஸுக்கு ஆதரவு திரட்டியதற்காகச் சிறை, 2024-இல் தீவிரவாத அமைப்பை நடத்தியதற்காக ஆயுள் தண்டனை. பேச்சுக்காகப் பிடிக்காமல் ஆள்சேர்ப்புக்காகப் பிடித்தது சரியான கோடு என்றே நினைக்கிறேன். ஆனால் டிவிக்காரர்கள் அத்தனை வருடம் அவரையே ஏன் 'முஸ்லிம் தரப்பு' என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சத்தம் போடுகிறவன் இருந்தால் பார்வையாளன் சானல் மாற்றமாட்டான், வேறென்ன.

இந்த ஆட்களோடு முதலில் வாதம் செய்தவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். செகன்னூர் மவுலவி என்று மலப்புரம் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஹதீஸ்களில் பலவற்றை ஏற்க மறுத்து, மேடை மேடையாக வாதாடியவர். 1993 ஜூலை 29-ஆம் தேதி மதப் பேச்சுக்கு என்று சொல்லி வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. சி.பி.ஐ. நீதிமன்றம் 2010-இல் தண்டித்த ஒரே ஆளையும் 2018-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. தக்கலையில் கவிஞர் எச்.ஜி. ரசூலை ஒரு கட்டுரைக்காக 2007-இல் ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், கடவுள் மறுப்பு பேசியதற்காக 2017 மார்ச்சில் கொல்லப்பட்டார். அவர் தந்தை மகனின் இயக்கத்தில் தானும் சேர்வதாகச் சொன்னார். காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிம் தமிழில், நம் தமிழில், வெறுப்பைப் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்த்து நின்றவர்கள் அதே ஊர் சூஃபி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் மோதலே நடந்தது. போலீஸுக்குப் புகார் போனது. 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி ஈஸ்டர் அன்று என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஒன்டாரியோவிலும் அதே கதைதான். 1991-இல் வந்த மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் யூதர், கிறிஸ்தவர் எல்லாம் குடும்ப வழக்குகளை மத முறைப்படி தீர்த்துக்கொள்ள இடம் இருந்தது. 2003-இல் ஷரியா முறை தீர்ப்பாயம் ஒன்று தொடங்குவதாக அறிவிப்பு வந்ததும் பெரிய விவாதம். 2004 டிசம்பரில் மேரியன் பாய்ட் அறிக்கை, சில பாதுகாப்புகளோடு அனுமதிக்கலாம் என்றது. தெருவில் இறங்கி வேண்டாம் என்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள்தான். ஈரானிலிருந்து வந்த ஹோமா அர்ஜுமந்த் முன்னால் நின்றார். 'நாங்கள் எதிலிருந்து தப்பி வந்தோமோ அதை இங்கே கொண்டுவராதீர்கள்' என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 2005 செப்டம்பர் 11-ஆம் தேதி முதல்வர் டால்டன் மெகிண்டி, ஷரியா மட்டுமல்ல, எந்த மதத்தின் தீர்ப்பாயமும் குடும்ப வழக்கில் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று முடித்தார். யூத அமைப்புகள் சில வருத்தப்பட்டன. ஒரு மதத்துக்கு மட்டும் மூடியிருந்தால் அது வெறுப்பு. எல்லோருக்கும் மூடியதால் அது சட்டம். இந்தியாவில் நாம் இந்த இடத்துக்கு வர இன்னும் எத்தனை காலமோ.

இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் வகுப்பில் பாத்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் ஜோசப்பின் கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வி, 'அந்த 32 பேரில் ஒருத்தர்கூட சாருக்காகப் பேசலையாப்பா?' என்பது.

ஜோசப் இடது கையால் எழுதப் பழகினார். 'அற்றுபோகாத்த ஓர்மகள்' என்ற அவருடைய தன்வரலாறு 2020-இல் வந்தது. கேரள சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. வெட்டு வழக்கில் 2015-இல் 13 பேரையும் 2023-இல் 6 பேரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, மூன்று பேருக்கு ஆயுள். பாப்புலர் ஃப்ரண்டை மத்திய அரசு 2022 செப்டம்பரில் தடை செய்தது. கோடரி பிடித்ததாகச் சொல்லப்படும் முதல் எதிரி பதிமூன்று வருடத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்து, 2024 ஜனவரியில் கண்ணூர் மாவட்டம் மட்டன்னூரில் வேறு பெயரில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். தண்டனைகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஜோசப் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறார்: பிடிபட்டவர்கள் வெறும் கருவிகள், ஏவியவர்கள் இன்னும் வெளியே இருக்கிறார்கள்.