பொருளாதாரத் தூதாண்மை

சரக்கு, முதலீடு, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்து ஓர் அரசு பிற அரசுகளோடு நடத்தும் பேச்சும் பேரமும் பொருளாதாரத் தூதாண்மை எனப்படும். நாளிதழ்கள் 'பொருளாதார ராஜதந்திரம்' என்று எழுதும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த வேலையைப் பார்ப்பவர் வணிகத் தூதர். இந்தியத் தூதரகங்களில் வணிகப் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியா போன்ற காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கே உயர் ஆணையம் என்று பெயர்.

தென்காசி மாவட்டத்து நெசவூரான கடையநல்லூரில் கதை தலைகீழாக நடந்தது. முதலில் போனவர்கள் ஊர்க்காரர்கள்; தூதர் பிறகுதான் வந்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இவ்வூர் முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூரில் குடும்பத்தோடு குடியேறினர். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1946இல் அது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது.

அந்நாளில் இந்திய அரசுக்கு அங்கே ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி கண்டியிலும் கோலாலம்பூரிலும் 'ஏஜெண்டு'கள் இருந்தனர். தோட்டத் தொழிலாளரின் கூலியும் நலனுமே அவர்களுடைய முதன்மைக் கவலை. 1936இல் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா சென்று தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். கூலித் தகராறு முற்றியதும் 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆளை அனுப்ப மறுப்பதும் ஒரு பேரக் கருவிதான். மேல்மட்டப் பேரத்திலும் தமிழர் இருந்தனர்: கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் 1932இல் ஒட்டாவா பொருளாதார மாநாட்டிலும் 1944இல் பிரெட்டன் வுட்ஸ் நிதி மாநாட்டிலும் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர்.

வணிகத் தூதரின் அன்றாட வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கட்டு கைலி போதும். கட்டம் போட்ட கைலிக்கு மலாயில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அப்படித் திரிந்து நிற்கிறது. அந்தக் கட்டு தூத்துக்குடியில் கப்பலேறி மலேசியா போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்திய–ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தின் வரிச்சலுகை அதற்குத் தானாகக் கிடைத்துவிடாது. சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்பதற்கான பிறப்பிடச் சான்று வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, சரக்கின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளுக்குள் உருவானதாக இருக்க வேண்டும். சான்றில் ஒரு சுங்கக் குறியீடும் விலைப்பட்டியலில் வேறொன்றும் இருந்தால், அங்குள்ள சுங்க அதிகாரி சலுகையை மறுக்கலாம்.

அப்போதுதான் உயர் ஆணையத்துக்கு போன் போகும். வணிகத் தூதர் அந்நாட்டுச் சுங்கத்துக்கு ஆணையிட முடியாது. கடிதம் எழுதலாம், உரிய அதிகாரியைப் பார்த்து விளக்கலாம். வாங்கியவர் பணம் தராமல் இழுத்தடித்தாலும் இதே நிலைதான்: நடுவில் நின்று பேசுவார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். சரக்கை அனுப்பும் முன்பே வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று வணிகப் பிரிவிடம் விசாரிப்பதே புத்திசாலித்தனம். பலர் அனுப்பிய பிறகுதான் கேட்கிறார்கள். கடன் மோசம் போகாமலிருக்க 1957இல் தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடும் இருக்கிறது.

ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. 2005 ஜூன் 29இல் கையெழுத்தான இந்திய–சிங்கப்பூர் ஒப்பந்தம் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றச் சரக்குக்குச் சிங்கப்பூர் சுங்க வரி வாங்குவதே இல்லை. ஆகவே கைலிக்காரருக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. சேவைத் துறைக்கும் முதலீட்டுக்கும்தான் அதில் பொருள் இருந்தது. 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்புவோருக்குக் கூடுதலாகப் பயன்படும். அங்கே வேலைக்குப் போவோரைப் பற்றிய பொறுப்பு வேறு கணக்கு. அது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வருகிறது.

எதிர்த் திசையிலும் ஆள் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் உள்ளன. ஜப்பானின் ஜெட்ரோ, மலேசியாவின் மேட்ரேட் ஆகிய வணிக அமைப்புகளுக்கும் அங்கே அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசும் 2015, 2019, 2024 ஆண்டுகளில் உலக முதலீட்டாளர் மாநாடு கூட்டியது. கடைசி மாநாட்டில் அறிவித்த தொகை ரூ.6.64 லட்சம் கோடி. புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட இடத்திலெல்லாம் ஆலை எழும்பிவிடாது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

கடையநல்லூரிலிருந்து ஏற்றுமதி செய்ய நினைப்பவர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 1965 முதல் இயங்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது. முதலில் வாங்க வேண்டிய ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று புது எண் எதுவும் தருவதில்லை, பான் எண்ணேதான் அது.