செங்கல் பல்வரிசையும் சிமெண்ட் கரையும்

எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டின் முன்னால் மூன்றடி அகலம், இருபதடி நீளத்துக்கு ஒரு மண்பாத்தி இருக்கிறது. கொல்கத்தாவில் வாடகை வீட்டுக்காரனுக்கு இதற்கு மேல் மண் கிடைத்தால் அது பூர்வஜென்ம புண்ணியம். ஒரு கந்தராஜ், இரண்டு இட்லிப்பூச் செடி (இங்கே ரங்கன் என்கிறார்கள்), தங்கமணி லேக் மார்க்கெட்டில் வாங்கி வந்து நட்ட கறிவேப்பிலை, அவ்வளவுதான். மழைக்காலம் வந்தால் பாத்தி மண் கரைந்து நடைபாதைக்கு வந்துவிடும். வீட்டுக்கார மாஷிமா ஒருநாள், "நீ எஞ்சினியர்தானே, இதற்கு ஒரு கரை கட்டக்கூடாதா?" என்று கேட்டார்.

கேட்டது ஒரு கரை. விசாரித்ததில் வந்தது ஒரு பட்டியல். அச்சில் வார்த்த சிமெண்ட் துண்டுகள், அதிலேயே வளைவு வைத்தது, சிப்பி வைத்தது, மரக்கட்டை போல வார்த்துப் பழுப்பு வண்ணம் அடித்தது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன், அங்கே ஒரு சின்ன இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டே போனால் பின்னால் பற்பசை மாதிரி சிமெண்ட் கரை வந்துகொண்டே இருக்கும், ஈரம் காயும் முன் மேலே கல் போல முத்திரை குத்திவிடுவார்கள் என்றான். எனக்கோ ஊரில் பார்த்த வரப்புதான் தெரியும். மண்ணை மண்ணாலேயே தடுப்பது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கப்போய், இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் செங்கல். கொல்கத்தாவின் பழைய தோட்டங்கள், ரயில்வே குடியிருப்புகள், அரசு பங்களாக்கள் எதில் பார்த்தாலும் பாத்தியைச் சுற்றிச் செங்கலைச் சாய்த்து, பாதி புதைத்து, பல்வரிசை மாதிரி நட்டிருப்பார்கள். காவியும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியிருக்கும். நமக்கு அதைப் பார்த்ததும் கோயில் மதில் ஞாபகம் வரும். இது அழகுக்காக வந்த வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் வேறு வழி இல்லாமல் வந்தது. கங்கைக் கழிமுகத்தில் கல்லே கிடையாது. தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் களி. ஹூக்ளி கரையில் வண்டலை எடுத்துச் சுட்டுத்தான் இந்த நகரத்தையே கட்டினார்கள். கான்கிரீட்டுக்கு ஜல்லி வேண்டுமென்றால்கூட செங்கலை உடைத்துத்தான் போட்டார்கள், 'கோவா' என்று பெயர். சூளையில் அதிகம் வெந்து கருகிப்போன 'ஜாமா' செங்கல் தண்ணீருக்கு அசையாது. சுவருக்கு ஆகாத கோணல் கல்லுக்கும் தோட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது.

இந்தத் தோட்டப் பித்து இங்கே அமைப்பாகத் திரண்டது 1820-ல். செராம்பூரில் இருந்த பாதிரியார் வில்லியம் கேரி அந்த ஆண்டு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். அலிப்பூரில் அதன் தோட்டம் இருக்கிறது. கேரியின் நண்பர் ராக்ஸ்பரோ, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டு 1793-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தவர். நம்மைப் போலவே மாற்றலில் வந்த கேஸ் :-) சென்னையிலும் 1835-ல் இதே மாதிரி ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனுக்குத் தன் ஊர்ப் பாத்தி இங்கே வேண்டியிருந்தது. நேர்க்கோட்டில் பாத்தி, அதற்கு ஒரு கரை, கரைக்கு வெளியே புல். இங்கிலாந்தில் அந்தக் கரைக்குக் கயிறு முறுக்கியது போல் தலைப்பு வைத்த சுடுமண் ஓடுகள் விக்டோரியா காலத்தில் பிரபலம். இங்கே சாய்த்து நட்ட செங்கலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது சிமெண்ட். இதில்தான் எனக்கே ஒரு அதிர்ச்சி. கம்பி வைத்த கான்கிரீட் பாலத்துக்கோ மாடிக் கட்டடத்துக்கோ கண்டுபிடித்தது என்றுதான் கல்லூரியில் படித்தபோதும் நினைத்திருந்தேன். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு தோட்டக்காரர். செடி வைக்கும் மரத்தொட்டி அழுகிப்போகிறது, மண்தொட்டி உடைந்துபோகிறது என்று சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலை வைத்துத் தொட்டி செய்தார். 1867-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு குழாய், பலகை என்று போய், 1875-ல் ஷாஸ்லே என்ற இடத்தில் ஒரு சின்னப் பாலமே கட்டிவிட்டார். நான் சோறு தின்னும் தொழிலின் மூலம் ஒரு பூந்தொட்டி! (அவருக்கு முன்பே லாம்போ என்பவர் கம்பியும் சிமெண்டும் வைத்துப் படகு செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.)

அதே 1867-ல் பாரீஸில் பூத் ஷோமோன் என்ற பூங்காவைத் திறந்தார்கள். அங்கே கைப்பிடிகளை மரக்கிளை போலவே சிமெண்டில் செய்து வைத்தார்கள். நம்மூர்ப் பூங்காக்களில் பட்டையும் கணுவுமாக வார்த்துப் பழுப்பு வண்ணம் பூசிய சிமெண்ட் வேலி இருக்கிறதே, அந்த மோகத்தின் பேரப்பிள்ளைதான் அது. நான் பார்த்த பட்டியலில் இருந்த மரக்கட்டைக் கரையும் அந்த வம்சமே. கிண்டல் செய்துகொண்டிருந்தவன், நூற்றைம்பது வருஷ வயது என்றதும் கொஞ்சம் மரியாதை கொடுத்தேன்.

நம் நாட்டில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில்தான் நடந்தது, கடற்சிப்பியை வைத்து. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் நின்றது. அதுவரை பெரும்பாலும் சுண்ணாம்பும் செங்கல்பொடியும்தான்.

இனி நம்ம ஏரியா. பஜ் பஜ் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரி இயற்கையானது இல்லை. கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் 1920-களின் தொடக்கத்தில் சதுப்புக்காட்டைக் கையகப்படுத்தித் தோண்டியது. தோண்டிய மண்ணில் சுற்றுப்புறப் பள்ளத்தை மேடாக்கி வீட்டுமனை ஆக்கினார்கள். டாக்குரியா லேக் என்றிருந்த பெயரை 1958-ல் ரவீந்திர சரோவர் என்று மாற்றினார்கள். சதுப்பு போன பிறகும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை. வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில், பாத்தியைச் சுற்றி இடைவெளி இல்லாத சிமெண்ட் கரை எழுப்பினால் அது பாத்தி இல்லை, தொட்டி. வேர் இரண்டு நாளில் மூச்சு முட்டும்.

2020 மே 20 இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பன் புயலன்று ராத்திரி முழுக்க மரங்கள் விழும் சத்தம். விடிந்து பார்த்தால் லேக் முழுக்கச் சாய்ந்து கிடந்தன. நகரத்தில் ஆயிரக்கணக்கில் விழுந்தன. எங்கள் தெருவில் விழுந்த ஒன்றின் அடியைப் பார்த்தேன். சுற்றிலும் சிமெண்ட் பூசி நெருக்கியிருந்த இடத்தில் வேர் ஆழமாகப் போகாமல், தட்டு மாதிரி மேலேயே சுருண்டிருந்தது. டெல்லியில் 2013-லேயே பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்ட் கூடாது, இருப்பதையும் உடைத்து எடுங்கள் என்று உத்தரவிட்டிருந்தது. அன்றைக்கு அந்த வேரைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

மாஷிமாவின் கந்தராஜ் அந்தப் புயலில் தப்பியது. மறைந்த மேஷோமோஷாய் நட்டது. தினம் காலையில் ஒரு பூவைப் பறித்து அவர் படத்துக்கு வைப்பார். கந்தராஜுக்கும் இட்லிப்பூவுக்கும் புளிப்பான மண்தான் பிடிக்கும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கினால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு மட்டும் பச்சையாக, மீதி இலை மஞ்சளாகிவிடும். நான் சிப்பிக் கரைக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தேன். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே முப்பது வருஷமாகத் தோட்ட வேலை செய்யும் எங்கள் மாலி, அடுத்த தெரு வீட்டுக்குக் கூட்டிப்போய் புதுச் சிமெண்ட் கரையோரம் மஞ்சளாகி நிற்கும் ரங்கனைக் காட்டினார். "பாபு, செடிக்கு வீடு கட்டுங்கள், பெட்டி செய்யாதீர்கள்" என்றார். என் பட்டப்படிப்பு அங்கேயே முடிந்தது.

ஆக, சாய்த்த செங்கல். கணக்குப் போட்டேன். மூன்று அங்குல கனமுள்ள வங்காளச் செங்கலை 45 டிகிரி சாய்த்தால் ஒரு கல்லுக்குச் சுமார் நாலேகால் அங்குலம் பிடிக்கும். முன்பக்கம் இருபதடி, பக்கவாட்டில் மூன்று மூன்றடி, மொத்தம் இருபத்தாறு அடிக்கு 75 கல். கலவை கிடையாது. ஒன்று அமிழ்ந்தால் அடுத்தது அதன் மேல் சாய்ந்துகொள்ளும், இடுக்கு வழியாகத் தண்ணீர் போய்விடும். ஐந்தாறு வருஷத்தில் சில கற்கள் உளுத்து உதிரும், மாற்றிக்கொள்ளலாம். வயதானவர்கள் நடமாடும் வீடு என்றால் பல்லின் கூர் காலைக் கிழிக்கும், அவர்கள் செங்கலைப் படுக்கையாக, தரையோடு தரையாகப் பதிப்பது நல்லது. சிமெண்ட் துண்டுதான் வேண்டும் என்பவர்கள் துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி விட்டு, பூச்சு இல்லாமல் வையுங்கள். குரோட்டன், அரளி மாதிரிச் செடிகள் தாங்கிக்கொள்ளும்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. வண்ணத்தில்தான் வம்பு. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு நகரம் முழுக்கப் பாலம், நடைபாதை ஓரம் எல்லாவற்றுக்கும் நீலமும் வெள்ளையும் பூசினார்களே, மாலி அதே வண்ணத்தை டப்பாவில் கொண்டுவந்துவிட்டார். தங்கமணி காவியும் வெள்ளையும்தான் என்று பிடிவாதம். மாஷிமா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கல்லை அப்படியே விடுங்கள், மழை வந்தால் பாசி பூசிவிடும்" என்று உள்ளே போய்விட்டார். ஆடி பிறந்து பத்து நாள் ஆகிறது. பாதிக் கல் பச்சை.