வேலி தாண்டிய அணு

செங்கற்பட்டில் நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், மாணவர்களுடன் மாமல்லபுரம் சென்று, கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் வழியே திரும்பினேன். 1983-இல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையத்தைத் தொலைவிற் கண்ட ஒரு சிறுவன், "ஐயா, இங்கே அணுவைப் பிளக்கிறார்கள். கதிரவனைப்போல் அணுக்களை இணைத்து மின்சாரம் எடுப்பது எப்போது?" என்று வினவினான்.

1955-இல் ஜெனிவா மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபதாண்டுகளில் அதற்கு வழி பிறக்கும் என்றார். அவர் குறித்த காலம் கடந்துவிட்டது. காரணம் என்ன?

அணுக்கருக்கள் இணையப் பத்துக்கோடி டிகிரி அளவு வெப்பம் வேண்டும். அந்நிலையில் வாயு, அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்து பிளாஸ்மாவாகிறது. அதனை எப்பாத்திரமும் தாங்காது, காந்தப்புலமே வேலி. உள்ளே விரைந்தோடும் அயனிகள் தம் ஆற்றலைப் பிறவற்றிற்கு அளித்தால் வெப்பம் நிலைக்கும், தப்பியோடினால் குறையும். ஆகவே அவற்றை அளந்தறிய வேண்டும். வெப்பமானியை உள்ளே நுழைக்க இயலுமோ?

இயற்கையே ஒரு வழி தந்தது. விரைவு அயனி, எதிர்ப்பட்ட அணுவிடம் சிலவேளை ஓர் எலெக்ட்ரானைப் பெற்றுக்கொள்ளும். மின்னூட்டம் நீங்கிய அதனைக் காந்தவேலி தடுக்காது. கோட்டையினின்று வெளிவந்த ஒற்றனைப்போல் வரும் அதன் ஆற்றலை அளந்தால் உள்நிலை விளங்கும். காந்திநகர் அருகே 1989-இல் இயங்கத் தொடங்கிய நம் 'ஆதித்யா' கருவியிலும் இம்முறை கையாளப்பட்டது.

1997-இல் இங்கிலாந்திலுள்ள 'ஜெட்' கருவி, 24 மெகாவாட் வெப்பம் ஊட்டப்பெற்று 16 மெகாவாட் அளித்தது. அங்கே வரவு செலவை எட்டவில்லை.

அச்சிறுவனிடம், "காலத்தை நான் கூறமாட்டேன், நீ அளக்கக் கற்றுக்கொள்" என்றேன். உங்களுக்கும் அதையே கூறுகிறேன்.