மெதுவாகச் செல்வோர்க்கு ஒரு வழி

ஆகஸ்டு மாதத்தின் இறுதி நாள்களில், வையம்பட்டியை ஒட்டிச் செல்லும் திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. காவியுடை அணிந்த ஆண்களும் பெண்களும், தோளில் சிறு மூட்டையும் கையில் செபமாலையுமாக, வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்வர். முன்னே தள்ளுவண்டியில் அன்னையின் சுரூபம். பின்னே மிதிவண்டிகளில் தண்ணீரும் சமையல் பொருள்களும் ஏற்றிவரும் இளைஞர். தைப்பூச நாள்களிலோ இதே சாலையில் எதிர்த்திசையில் பழனிக்குச் செல்லும் அடியார் கூட்டம். கோவையிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் வரை நீளும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இரு சமயத்தாரின் காலடிகளையும் அறிந்த சாலை.

ஆனால் இன்று அச்சாலை கால்களுக்காக அமைந்ததன்று. நான்கு வழிச்சாலையில் பேருந்தும் சரக்குந்தும் விரையும்போது, ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஒடுங்கிய இடமே நடப்போர்க்கு எஞ்சுகிறது. திருப்பயணிகள் மீது வாகனம் மோதியது என்னும் செய்தியை நாளேடுகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். இறந்தோர்க்காக ஒரு செபம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். மெதுவாகச் செல்வோர்க்கு வழி எங்கே என்று நாம் கேட்பதில்லை. வரலாறு இவ்வினாவுக்கு என்ன விடை தருகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நிழலும் நீரும் இருந்த சாலை

பழைய சாலைகள் நடப்போரை மனத்திற்கொண்டு அமைந்தவை. 1689இல் ஆட்சிப் பொறுப்பேற்றுத் திருச்சியிலிருந்து ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர், போர்களைவிடச் சாலைகளாலும் சத்திரங்களாலுமே மக்கள் நினைவில் நிலைத்தது. தென்மாவட்டங்களில் 'மங்கம்மாள் சாலை' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. சாலையோரம் மரம், மரத்தடியில் கிணறு, ஒரு நாள் நடைத் தொலைவில் சத்திரம் என்பதே அக்கால ஒழுங்கு.

அச்சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அக்கல்லை நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு மாண்ட மகளை எண்ணி, முன்பின் அறியாத வழிப்போக்கரின் சுமையை இறக்கிவைத்த பண்பாடு நம்முடையது.

அவ்வழிகளிலேதான் நமக்கு நற்செய்தியும் வந்தது. மங்கம்மாளின் காலத்திலேயே ஆவூரைத் தம் பணித்தளமாகக் கொண்ட பிரெஞ்சு இயேசு சபைக் குரு பூசே முதலானோர் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றனர். மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிச் சென்றோரும், மறைபோதகரும், தலைச்சுமை வணிகரும் ஒரே வேகத்தில் சென்ற காலம் அது.

மிதிவண்டி வந்தது

இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டி நம் சிற்றூர்களை எட்டியது. கிளைக்கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்ற பங்குத்தந்தையரையும், மறைக்கல்வி புகட்டச் சென்ற வேதியர்களையும் மிதிவண்டியோடு சேர்த்தே மூத்தோர் நினைவுகூர்வர். ஆயினும் அது நெடுங்காலம் ஆண்களின் வாகனமாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியது நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டை. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பிக்கும் பணிக்கு ஊக்கமளித்தார். கல்குவாரிப் பெண்களும், வயல் வேலை செய்தோரும், கிராமச் செவிலியரும், ஆசிரியைகளும் ஓட்டக் கற்றனர். ஊராரின் கேலியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கணவரையோ பேருந்தையோ எதிர்பாராமல் தாமே நீர் கொணரவும் சந்தைக்குச் செல்லவும் அவர்களால் முடிந்தது. பின்னர் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005இல் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் சாலைகள் அகன்றன, வேகம் கூடியது. 'சாலையைக் கடந்து போக வேண்டுமே' என்று அஞ்சி, வீட்டில் மிதிவண்டி இருந்தும் மகளைப் பேருந்துக்குக் காத்திருக்கச் செய்யும் தாய்மாரை நாம் அறிவோம். மிதிவண்டியைக் கொடுத்தோம், அதை அச்சமின்றி ஓட்டுதற்கு வழியைக் கொடுத்தோமா?

ஒரு தண்டவாளத்தின் மறுபிறப்பு

இங்கே பிரான்சு நாட்டின் அனுபவம் நமக்கு உதவும். அந்நாடு நமக்கு அயலானதன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியை 1844இல் நாகையில் தோற்றுவித்து, 1883இல் திருச்சிக்குக் கொணர்ந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். 1827இல் புதுவைக்கு வந்த குளூனி சூசையப்பர் சபைச் சகோதரிகளும் அந்நாட்டினரே.

அச்சபையை அன்னை அன்ன மரியா ஜவுகே 1807இல் தொடங்கிய ஊர், பர்கண்டிப் பகுதியிலுள்ள ஷாலோன். பின்னர் அச்சபைக்குப் பெயர் தந்த ஊர், 910இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற பெனடிக்ட் சபை மடத்தின் ஊராகிய குளூனி. இவ்விரு ஊர்களையும் ஒருகாலத்தில் இரயில் பாதை இணைத்தது. இருபதாம் நூற்றாண்டில் பேருந்தும் மகிழுந்தும் பெருக, சிற்றூர் இரயில்கள் நின்றன; தடம் புதர் மண்டிக் கிடந்தது. 1997இல் அதன் ஒரு பகுதியை, ஜிவ்ரி முதல் குளூனி வரை 44 கி.மீ. நீளத்திற்கு, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய பாதையாகத் திறந்தனர். பிரான்சு இதனைத் தன் முதல் 'பசுமை வழி' எனக் கொண்டாடுகிறது.

இரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே அதன் தடம் மென்மையான சரிவு உடையது. முதியோரும் சிறுவரும் அதில் எளிதாக மிதித்துச் செல்லலாம். குளூனிக்குத் தெற்கே 1.6 கி.மீ. நீளமுள்ள பழைய இரயில் குகையும் பாதையின் பகுதியாயிற்று. அங்கு உறங்கும் வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் அதனை மூடிவிடுகின்றனர். 1940இல் சகோதரர் ரோஜர் குடியேறி, பிரிந்த கிறிஸ்தவர்களின் ஒப்புரவுக்காகச் செபக்குழுமம் தொடங்கிய தேசே என்னும் சிற்றூரின் அடிவாரத்தையும் இப்பாதை தொட்டுச் செல்கிறது.

தெற்கே துலூஸ் நகரில் வேறொரு வகையைக் காண்கிறோம். ரிக்கே என்பவர் 1666 முதல் வெட்டுவித்த 240 கி.மீ. நீளக் கால்வாய், அவர் இறந்த மறு ஆண்டு, 1681இல் திறக்கப்பட்டது. படகுகளை இழுத்த குதிரைகள் நடந்த கரை, இன்று மிதிவண்டிப் பயணிகளின் பாதை. துலூசிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. வரை அது செப்பமிடப்பட்டது. அதற்கு அப்பால் பல இடங்களில் இன்றும் மண்வழியே.

இவை தனிமனிதர் ஆர்வத்தோடு நின்றுவிடவில்லை. 1998இல் மிதிவண்டி வழிகளுக்கென நாடு தழுவிய திட்டம் வகுக்கப்பட்டது. 2004இல் 'பசுமை வழி' என்பது போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம்பெற்றது. விசைவண்டிகளுக்கு அங்கு இடமில்லை என்பது ஓட்டுநரின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இல்லாமல் சட்டமாயிற்று.

நாம் கற்க வேண்டியது

ஒன்றை மறத்தல் ஆகாது. அப்பசுமை வழிகள் பல, சிற்றூர் மக்கள் தங்கள் இரயிலை இழந்த இடத்தில் முளைத்தவை. நம் வையம்பட்டியில் இரயில் நிலையம் உயிரோடு இருக்கிறது. அது என்றும் இருக்கட்டும். நாம் பிரான்சைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டுவதில்லை. பயனின்றிக் கிடந்த பொதுநிலத்தை மெதுவாகச் செல்வோர்க்கு உரியதாக்கினரே, அந்த மனப்பாங்கே நாம் கற்க வேண்டியது.

நம்மிடம் அத்தகைய நிலம் இல்லையா? காவிரி நீரைக் கொணரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. ரிக்கேயின் கால்வாயைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதற்கும் கரை உண்டு. வறண்ட நம் மணப்பாறைப் பகுதியிலும் குளக்கரைகளும், ஊருக்கு ஊர் செல்லும் பழைய வண்டிப்பாதைகளும் உண்டு. அவற்றுள் பல முட்செடியாலும் ஆக்கிரமிப்பாலும் அடைபட்டுள்ளன. முடியுமா என்று ஐயுறுவோர் திண்டுக்கல்–பழனிச் சாலைக்குச் சென்று பார்க்கட்டும். நடைப்பயண அடியார்க்கென அங்குச் சாலையோரம் தனி நடைபாதை அமைந்துள்ளது. அண்டை சமயத்தாரின் திருப்பயணத்துக்கு அரசு செய்தது அனைவர்க்கும் முன்மாதிரி. அதைக் கண்டு பொறாமை கொள்ளாமல், அதே பாதை கிழக்கேயும் நீள வேண்டும் எனக் கேட்பதே நமக்கு அழகு. நம் ஊர் வழியே பாதை நீண்டால், அதில் வேளாங்கண்ணிக்குச் செல்வோரும் பழனிக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்லும் சிறுமியரும் ஒருங்கே செல்வர்.

முதல் கிறிஸ்தவர்களுக்கு 'நெறியைச் சார்ந்தோர்' என்றே பெயர் வழங்கியதைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் சீடர்களோடு உரையாடியது, அவர்கள் நடந்த வேகத்தில் தாமும் நடந்தபோதே. நடப்போர்க்கு வழியில்லாத நாட்டில் அத்தகைய உரையாடல் எங்கே நிகழும்?

ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் விடுதலைத் திருநாள். ஊராட்சிதோறும் கிராமசபை கூடும் நாள். வேளாங்கண்ணியில் கொடியேறும் 29ஆம் நாளுக்கு இரண்டே வாரம் முன்பு அது வருகிறது. அன்று காலைத் திருப்பலி முடிந்தபின் நம் அன்பியத்தார் கிராமசபைக்குச் சென்று, நம் ஊரின் அடைபட்ட வண்டிப்பாதை ஒன்றின் பெயரைச் சொல்லி, அதைத் திறந்து தருமாறு கேட்கலாம். சுமைதாங்கிக் கல் நட்ட முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம். இதைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.