அது பேசுமா?

2023 சனவரி 30 அன்று திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக வாசல் மறுக்கப்பட்டிருந்த நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். பதினோரு நாள் கழித்து, பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் போனார்கள். மனநலப் பாதிப்புள்ளோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்றோர் என நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். கட்டிவைத்து அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

முதலாவது சாதிச் செய்தி, இரண்டாவது குற்றச் செய்தி என்று பத்திரிகைகள் பிரித்துக்கொண்டன. நாம் அப்படிப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: யார் வாய் திறந்தால் அரசு கதவைத் திறக்கும்?

குண்டலப்புலியூர் கதவை உள்ளே இருந்தவர்களின் குரல் திறக்கவில்லை. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை. அவருக்கு வெளிநாட்டில் ஓர் உறவு இருந்தது, அலைந்து திரிய ஒரு நண்பர் இருந்தார். காவல் நிலையத்தில் புகார், பிறகு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று போன பிறகே உள்ளே இருந்த மற்றவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். தேட ஆளில்லாத நூற்றுக்கு மேற்பட்டவர்கள், தேட ஆளிருந்த ஒருவரால் தப்பினார்கள்.

ஏர்வாடியில் அந்த ஒருவரும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்கா ஊரில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. 28 பேர் செத்தார்கள். உச்சநீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாக எடுத்த வழக்கின் தலைப்பிலேயே 25 என்ற எண் இருக்கிறது. தீக்காயத்தோடு பிறகு இறந்தவர்கள் அந்தத் தலைப்புக்குள் வரவில்லை. ஒரே வாரத்தில் அரசு இத்தகைய காப்பகங்களை மூடி ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்தது. காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்ற மனநலச் சட்டம் 1993 முதலே நடைமுறையில் இருந்தது. சங்கிலி ஒளித்து வைக்கப்பட்டதும் இல்லை, வேண்டுதலுக்கு வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

ஊனமுற்றவரைக் கொடுமை செய்வது தனிக் குற்றம் என்று சட்டம் சொல்லப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் இடஒதுக்கீடு உண்டு, ஆனால் ஊனமுற்றவரை அடித்தால் தண்டனை என்று ஒரு பிரிவு கிடையாது. 2016 சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. அதன் 92ஆம் பிரிவை வாசிக்கும்போது நமக்குப் பழகிய வாசனை வரும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துதல், மிரட்டுதல் என்ற வாசகம் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்பே இருந்தது. நம் மக்கள் சிந்திய ரத்தத்தில் எழுதிய சொற்கள் இன்னொரு மக்களுக்கும் பயன்படுகின்றன. நமக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. 92ஆம் பிரிவில் சாதி இல்லை. வன்கொடுமைச் சட்டத்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் தனித்தேவைகளைச் சொல்லும்போது வயது, பாலினம், கல்வியில் பின்தங்கிய நிலை, வறுமை என்று அடுக்குகிறது. ஊனம் அந்த வரிசையில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினரில் ஊனமுற்றோர் 2.45 விழுக்காடு, மொத்த மக்கள்தொகையில் அது 2.21. அதிகமாக இருக்கும் இடத்தில்தான் சட்டம் மறந்திருக்கிறது.

இதன் விலையைப் பட்டான் ஜமால் வலி வழக்கில் பார்த்தோம். ஆந்திராவின் கர்னூல் பகுதி, 2011. பிறவியிலேயே பார்வையற்ற ஒரு தலித் பெண்ணை, அண்ணன்மாருக்குத் தெரிந்தவன் வீட்டுக்குள் வந்து வன்புணர்வு செய்தான். அவள் குரலை வைத்து ஆளை அடையாளம் சொன்னாள். ஊனமுற்றவரின் சாட்சியம் மட்டமானதல்ல என்று 2021 ஏப்ரல் 27 தீர்ப்பில் உச்சநீதிமன்றம் உறுதியாகச் சொல்லி, ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. சாதியும் பாலினமும் ஊனமும் ஒரே உடலில் சேர்ந்து விழுவதைப் பற்றி நீதிபதி சந்திரசூட் பக்கம் பக்கமாக எழுதினார். கடைசியில் வன்கொடுமைச் சட்டத் தண்டனை மட்டும் ரத்தானது. சாதி காரணம் என்று காட்ட அரசுத் தரப்பு தனியாகச் சான்று வைக்கவில்லையாம். அவள் தலித் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, அதை உரிய இடத்தில் எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

மனுவோடு போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அது பேசுமா?" நம்மை 'வாடா போடா' என்று கூப்பிட்ட அதே வாய் மாற்றுத்திறனாளியை 'அது' என்கிறது. சேரியிலிருந்து போகிற மாற்றுத்திறனாளிக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கும். பேச முடியாதவருக்கும் வழி இருக்கிறது. பாலியல் குற்றம் என்றால் போலீஸ்தான் அவர் இருக்கும் இடத்துக்கு வந்து, சிறப்புக் கல்வியாளரையோ மொழிபெயர்ப்பாளரையோ வைத்துக்கொண்டு, வீடியோ பதிவோடு வாக்குமூலம் வாங்க வேண்டும். 2013இல் வந்த இந்த விதி, புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலும் தொடர்கிறது.

அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பாதையோரத்தில் வாழ்பவர்களுக்கு உறவும் இல்லை, ஆட்கொணர்வு மனுவும் இல்லை. அவர்களை யாராவது அடித்தாலோ, எங்காவது அடைத்து வைத்தாலோ, பார்க்கிற எவரும் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லலாம் என்கிறது 2016 சட்டத்தின் 7ஆம் பிரிவு. மனநலப் பாதிப்புள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவரே கொடுமை செய்தால், 2017 மனநலச் சட்டத்தின் 101ஆம் பிரிவு 'சொல்லலாம்' என்றுகூட விடவில்லை, காவல் நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது.

புகார் எழுதும் தோழர்களுக்கு ஒன்று. முதல் தகவல் அறிக்கையிலேயே சாதியையும் ஊனத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குற்றம் செய்தவருக்கு அந்தக் குடும்பத்தை முன்பே தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்று தெரிந்து செய்தாலே போதும். குடும்பத்தோடு பழக்கம் இருந்தால் சாதி தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று நிரூபிப்பது எதிரியின் வேலை. கர்னூல் பெண்ணுக்கு நடந்தது இந்தத் திருத்தத்துக்கு முன்னால்.