தரைச் சீட்டும் மாடிப் படியும்

திரையரங்கைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ பெயர்கள் வழங்கிவந்துள்ளன. டாக்கீஸ், தியேட்டர், படமாளிகை, திரையரங்கு எனக் காலந்தோறும் அவை மாறின. ஆயினும் மக்கள் நாவில் நெடுநாள் நிலைத்தது கொட்டகை என்னும் சொல்லே. மாடுகள் நின்ற கூரைக்கும் நாடகக் குழுக்கள் வேய்ந்த கீற்றுப் பந்தலுக்கும் உரிய அப்பெயர், பின்னர் சிமெண்டுக் கட்டடங்களுக்கும் பளிங்குப் படிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கொட்டகைக்குள் யார் நுழைந்தனர், யாருக்கு அருகில் யார் அமர்ந்தனர் என்ற வரலாற்றை இங்கே சிறிது நினைத்துப் பார்க்கலாம். திரையில் ஓடிய படங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். திரைக்கு எதிரே இருந்த தரையைப் பற்றி எழுதியது குறைவு.

தென்னாட்டில் சினிமா முதலில் கூடாரத்தில்தான் குடியிருந்தது. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமெறி கருவியை வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று சலனப் படங்களைக் காட்டினார். 1914இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் ஒரு சாலைக்கே பெயராயிற்று. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். சில ஆண்டுகளிலேயே அது அஞ்சல் துறையின் உடைமையாயிற்று. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல் தலை ஆர்வலர்கள் தேடிச் செல்லும் கட்டடம் அதுவே. 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். தங்கசாலைத் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் ஆகியவை அதைத் தொடர்ந்தன. மவுண்ட் ரோட்டில் துரைமாரும், தங்கசாலையில் வணிகரும் கூலித் தொழிலாளரும் படம் பார்த்தனர். நகரம் எவ்வாறு பிரிந்திருந்ததோ அவ்வாறே கொட்டகைகளும் பிரிந்திருந்தன.

அந்த ஊமைப்படக் காலத்தில் கொட்டகை ஊமையாக இருக்கவில்லை. வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கும். குதிரை வண்டி தெருத்தெருவாகத் துண்டறிக்கைகளை வீசிச் செல்லும். உள்ளே திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்குவார். எழுத்தறியாதார்க்கு அவரே கண்ணும் நாவும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியாகித் திரையே பேசத் தொடங்கியதும் அவருடைய தொழில் முடிவை நோக்கி நகர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டுக்காகவே பலமுறை பார்த்தோர் பலர். பாட்டுப் புத்தகத்தை வாங்கிச் சென்று வீட்டில் மனப்பாடம் செய்தவர்களும் உண்டு.

இனி, இருக்கைக்கு வருவோம். சதிர்க் கச்சேரியிலும் நாடகத்திலும் முன்வரிசை பெரிய மனிதர்க்கு உரியது. சினிமா இம்முறையைத் தலைகீழாக்கிற்று. திரைக்கு மிக அருகில் அமர்ந்தால் கண் வலிக்கும். ஆகவே முன்னிடம் மலிவாயிற்று. தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா, மாடி என்று விலை பின்னோக்கியும் மேல்நோக்கியும் ஏறியது. யாழ்ப்பாணத்து அறிஞர் கா. சிவத்தம்பி இதன் பொருளைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்கலைக் கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் அவர் எழுதினார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்தில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சென்னையிலும் மதுரையிலும் டிக்கெட் கவுண்டரின் சிறு துளை கையில் உள்ள காசை மட்டும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

எனினும் இதனை மிகைப்படுத்திப் போற்றுவது பிழையாகும். கூரை ஒன்றாயினும் வாயில்கள் வேறு. மாடிக்குத் தனிப் படி. தரைக்குத் தனிச் சந்து. பல அரங்குகளில் பெண்களுக்குத் தனி வரிசையும் தனிப் பகுதியும் இருந்தன. சாதியின் இடத்தில் காசு அமர்ந்தது, அவ்வளவே. ஆனால் அந்த மாற்றமும் சிறிதன்று.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல நண்பர்கள் அனுமதிக்க வேண்டும். மதுரையில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவைத் துப்புரவு செய்தவரின் மகன் என் வயதுடையவன். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவன் ஏறியதில்லை; ஏறலாம் என்று யாரும் சொன்னதுமில்லை. ஒரு நாள் மாலைக் காட்சியில், மலிவுச் சீட்டுப் பகுதியில், அவன் என் அருகில் வந்து அமர்ந்தான். இருட்டில் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். இருவரும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றோம். மாடியில் எங்கள் பள்ளி ஆசிரியர் இருந்தார்; இடைவேளையில் விளக்கு எரிந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். படம் முடிந்து இருவரும் ஒன்றாக நடந்தோம். தெருமுனை வந்ததும் அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் பத்தடி பின்தங்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. கொட்டகை தந்தது மூன்று மணி நேரம். அதனைத் தெருவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. அதை நான் செய்யவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தை உருவாக்கியவர்களையும் நினைக்க வேண்டும். ஆபரேட்டர் அறையில் இரண்டு கரித்தண்டுகளின் நுனிகளுக்கிடையே மின்தீ எரிந்தது. நுனி தேயத் தேய அவற்றை நெருக்கிக் கொடுக்க வேண்டும். கவனம் தவறினால் திரை மங்கும், தரையிலிருந்து சீழ்க்கை எழும். 1,000 அடிச் சுருள் ஓடுவது 11 நிமிடம். சுருள் முடியுமுன் திரையின் வலது மேல்மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும். அடுத்த கருவியை இயக்க அதுவே குறி. ஒரே பிரதியை இரண்டு அரங்குகள் பகிர்ந்துகொண்ட நாட்களில், பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் விரைவார். முதலில் அரசின் செய்திப் படம்; பஞ்சமும் வெள்ளமும் அணைக்கட்டும் கறுப்பு வெள்ளையில் ஓடும். பத்திரிகை வாங்காத பலருக்கு உலகச் செய்தி அதுவே.

மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யுடன் தொடங்கியது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்பது மதுரைக்காரரின் பெருமை. ஒரு வசனத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே கைதட்டுவது எத்தகைய ஒலி என்பதைக் கேட்டவரே அறிவர். அக்கைதட்டல் பெரும்பாலும் முன்னாலிருந்தே தொடங்கும். மாடி பின்னரே சேர்ந்துகொள்ளும். இருந்தும் நம் இலக்கிய உலகில் ‘தரை டிக்கெட்’ என்பது வசைச் சொல்லாயிற்று. தாழ்ந்த ரசனைக்கு அது மறுபெயராயிற்று. கல்கி ‘ஆனந்த விகட’னில் திரைப்பட விமர்சனம் எழுதினார், புதுமைப்பித்தன் தம் இறுதி ஆண்டுகளில் படங்களுக்கு எழுதச் சென்றார். தரையில் அமர்ந்திருந்தவர் பலர் அவர்களுடைய நூல்களைப் படிக்க வாய்ப்பற்றவர்கள். ஆனால் தமிழ் வசனத்தின் ஏற்ற இறக்கத்தைச் செவியால் எடை போடக் கற்றவர்கள்.

அந்தத் தரை இன்று எங்கே? தங்கம் 2011இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் துணிக்கடை எழுந்தது. 1964இல் மூன்று அரங்குகளை ஒரே வளாகத்தில் கொண்டு வியப்பூட்டிய சென்னை சபையர் மறைந்தது. 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடப்பட்டது. கெயிட்டியும் இல்லை. வணிக வளாகங்களின் மேல்மாடிகளில் புதிய அரங்குகள் வந்துள்ளன. இருக்கை மெத்தென்றிருக்கிறது, ஒலி துல்லியமாக இருக்கிறது. வேர்க்கடலைப் பொட்டலத்தை உள்ளே கொண்டுசெல்ல இயலாது. கொத்தனாரும் வங்கி அதிகாரியும் ஒரே நகைச்சுவைக்கு ஒரே கணத்தில் சிரிப்பது அங்கே அரிதாயிற்று.

2023 மார்ச் மாதம் சென்னையின் ஓர் அரங்கில், கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் தடுக்கப்பட்டனர். படத்தின் தணிக்கைச் சான்றிதழைக் காரணம் காட்டியது நிர்வாகம். கண்டனம் எழுந்த பின்னர் அவர்கள் உள்ளே விடப்பட்டனர். காசை மட்டும் பார்த்த கவுண்டர் துளைக்குப் பின்னே ஒரு கதவும் இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று.

பழைய கொட்டகைகளை எண்ணி ஏங்குவது எளிது. மூட்டைப் பூச்சியையும் புழுக்கத்தையும் மறந்துவிட்டால் ஏக்கம் இன்னும் இனிக்கும். நாம் இழந்தது கட்டடம் மட்டுமன்று. அறிமுகம் இல்லாதவன் தோள் நம் தோளில் இடிக்க அமர்ந்திருந்த பழக்கத்தையும் இழந்தோம். பத்து ஆண்டுகளாக நம் வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. கவிதை படிக்கிறோம், கைதட்டுகிறோம். நம் கூட்டத்துக்குச் சீட்டும் இல்லை, மாடிப் படியும் இல்லை. ஆயினும் நம் வரிசைகளில் யார் அமர்கிறார்கள், யார் தெருமுனையிலேயே பத்தடி பின்தங்கிவிடுகிறார்கள் என்பதை இந்தப் பத்தாம் ஆண்டில் நாம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.