அஞ்சு ஷில்லிங்கிலிருந்து முந்நூறு பவுண்டு வரை

மக்களே, கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் இந்த ரேட்டைப் பார்த்ததும் ஆணி பிடுங்குறதை ஓரமா வச்சுட்டு நோண்ட ஆரம்பிச்சுட்டேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குக் கிழக்கே, கடலோரமா ம்யூர்ஃபீல்டுன்னு ஒரு தனியார் மைதானம். உறுப்பினர் இல்லாத ஆள் அங்கே ஒரு ரவுண்டு, அதாவது 18 குழி, ஆட 2024-ல் 300 பவுண்டுக்கு மேல். நம்ம காசில் முப்பதாயிரத்துச் சொச்சம். பந்து தொலைஞ்சா அது தனிச் செலவு.

சொந்தக்காரங்க 'எடின்பரோ கோல்ஃபர்களின் மாண்புமிகு கம்பெனி'. ஐடி கம்பெனி இல்லை சாமி, 1744-லேர்ந்து இருக்கிற கிளப். அப்போ இவங்களுக்குன்னு தனி மைதானம் கிடையாது. லீத் துறைமுகத்துப் பக்கம், ஊர்ச்சனம் எல்லாரும் புழங்குற பொதுப் புல்வெளியில்தான் ஆட்டம். மொத்தமே அஞ்சு குழி!

அந்த வருஷம் எடின்பரோ நகரசபை ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக் கொடுத்துப் போட்டி வச்சது. அதுக்காக எழுதின 13 விதிகள்தான் இன்னிக்குக் கிடைக்கிறதிலேயே பழைய கோல்ஃப் விதிகள். பிரிட்டன், அயர்லாந்தில் எந்த ஊர்க்காரரும் வரலாம், பேர் கொடுக்கும்போது அஞ்சு ஷில்லிங் கட்டணும். கூலிக்காரனுக்கு அது பெரிய காசுதான். ஆனா வாசலில் நிறுத்தி 'நீ யாரு, உனக்கு யாரைத் தெரியும்'னு கேட்கலை. ஜெயிச்சது ஜான் ராட்ரேன்னு ஒரு டாக்டர்.

எல்லாம் இருபதே வருஷம். 1764-ல் நகரசபையிடம் கேட்டு, கிளப் ஏத்துக்கிட்ட ஆள் மட்டும்தான் போட்டியில் ஆடலாம்னு மாத்திக்கிட்டாங்க. லீத்தில் நெரிசல் கூடவே, 1836-ல் மஸல்பரோவுக்கு மாறினாங்க. அங்கேயும் மத்த கிளப்காரங்களோட பங்கு போடணும். கடைசியில் 1891-ல் தங்களுக்கே தங்களுக்குன்னு ம்யூர்ஃபீல்டு. அதுவரை கிளப் தனி, நிலம் பொது. அதுக்கப்புறம் ரெண்டும் தனி. வெளியாள் 'விருந்தாளி' ஆனது இப்படித்தான். நம்மூரில் விருந்தாளிகிட்ட காசு வாங்க மாட்டோம், அது வேற கதை.

தனியார்னாலதான் இந்தக் கொள்ளைன்னு சொல்லலாம்னு பார்த்தா கணக்கு உதைக்குது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் பொதுச் சொத்து, 1894-ல் பார்லிமென்ட் சட்டம் மூலமா ஊர் வாங்கின நிலம். அங்கேயும் 1913-லேர்ந்து வெளியாளுக்குக் கட்டணம் உண்டு, 2024 சீசனில் 320 பவுண்டு! ஆனா உள்ளூர்க்காரங்க 1946 வரை இலவசமா ஆடினாங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை நிறுத்திட்டு அந்தப் புல்லில் ஊரே நாயோட நடக்கும். ரேட்டு கிட்டத்தட்ட ஒண்ணுதான். கதவுச் சாவி யார் கையில் இருக்குங்கிறதுதான் வித்தியாசம்.

அந்தச் சாவி என்னவெல்லாம் செய்யும்னு பாருங்க. ம்யூர்ஃபீல்டில் ஒரு பெண் விருந்தாளியா வந்து முழுக் கட்டணம் கட்டி ஆடலாம், அதுக்குத் தடையே இல்லை. உறுப்பினர் மட்டும் அப்போ ஆக முடியாது. காசு வாங்கும்போது ஆணா பெண்ணான்னு பார்க்காத கிளப், ஓட்டுப் போடும்போது பார்த்தது. 2016 மே மாசம் ஓட்டெடுப்பு. 64 சதவீதம் பேர் பெண்களைச் சேர்க்கலாம்னு சொன்னாங்க, வேண்டியது மூணில் ரெண்டு பங்கு, மயிரிழையில் தோல்வி. அன்னிக்கே ஆர் அண்ட் ஏ அமைப்பு, இனி ஓப்பன் போட்டி உங்க மைதானத்தில் இல்லைன்னு அறிவிச்சது. அடுத்த வருஷம் மார்ச்சில் மறுபடி ஓட்டு, இந்தத் தடவை 80 சதவீதம் சரின்னுட்டாங்க!

2022-ல் பெண்கள் ஓப்பன் அதே ம்யூர்ஃபீல்டில் நடந்தது. ஜெயிச்சது தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய்.